அரைத் தோப்புக்கரணம்

உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் தள்ளியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. உலகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் நாம்தான் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக் கொள்வதுதான் அது. பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருப்பது போதாதென்று, கறிகாய்க் கடையிலும் உபாத்தியாயர், மின்சார ரயிலிலும் உபாத்தியாயர், வீட்டிலும் உபாத்தியாயர். இந்தப் பழக்கத்தினால் நமது தாயாரின் கால்களுக்கு நாம் செய்த தீங்கையும், பிறகு அதற்குத் தேடிக் கொண்ட பிராயச்சித்தத்தையும் இங்கே எழுதலாம் என்று உத்தேசம். தீங்கு என்றவுடன் நேயர்கள் பயந்துவிட வேண்டாம். அது அன்பினால் செய்த தீங்கு. அதனால்தான் அதைத் தீங்கு என்று கண்டுகொள்ள நமக்கு முழுசாக மூன்று வருஷம் பிடித்தது.

நமது ஜாகை தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குச் சமீபத்தில் இருக்கிறது. தாயாருக்கு இப்போது வயது 67. நான்கு வருஷத்துக்கு முன்பு வரையில் அவர் ஒரு நாளில் நடந்த நடையை நாம் ஒரு வாரத்தில் நடந்ததில்லை. மொட்டை மாடிக்குப் பதினெட்டுப் படிகள். காலையில் துளசிக்கு ஜலம் விட ஒரு தடவை, வடாம் காயப்போட ஒரு தடவை, காக்காய் கொத்துகிறதா என்று பார்க்க நான்கு தடவை ஏறி இறங்குவார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்தில் கீரை மலிவு என்று கேள்விப்பட்டால் போதும்; மேம்பாலத்தில் ஏறி இறங்கி ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்துக்கொண்டு வருவார். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் திருநீர்மலை. பல்லாவரத்துக்கு மேற்கே இருக்கும் அந்தக் குன்றின் அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, மலைமேல் ரங்கநாதரைச் சேவிக்கப் படியேறுவார். திருமங்கையாழ்வார் அங்கே வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். அது வடியும் வரையில் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தாராம். வருஷந்தோறும் படியேறும்போது இந்தக் கதையை அம்மா சொல்லுவார். மூச்சு வாங்காமல் சொல்லுவார் என்பதுதான் விசேஷம். கேட்டுக்கொண்டு பின்னால் ஏறுகிற நமக்குத்தான் மூச்சு வாங்கும்.

அப்படிப்பட்டவருக்கு வலது முழங்காலில் வலி வந்தது. முதலில் படி இறங்கும்போது மட்டும் வலித்தது. பிறகு காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் கால் பிடித்துக்கொண்டது. அப்புறம் இடது முழங்காலும் அண்ணன் வழியைப் பின்பற்றியது. எண்ணெய் தடவினோம், ஒற்றடம் கொடுத்தோம். கடைசியில் ஒரு வைத்தியரிடம் அழைத்துச் சென்று எக்ஸ்ரே படம் எடுத்தோம். அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, “தேய்மானம். படி ஏறாதீங்க, கீழே உட்காராதீங்க” என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாசலில் இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். அவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை.

ஆனால், ‘தேய்மானம்’ என்ற அந்த ஒரு வார்த்தை நமது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழ் படித்த உபாத்தியாயர் அல்லவா? வார்த்தையைக் கேட்டவுடன் அதன் பொருள் கண்முன்னே வந்துவிட்டது. செருப்பு தேய்கிறது, சந்தனக் கட்டை தேய்கிறது, வண்டிச் சக்கரம் தேய்கிறது. உபயோகிக்க உபயோகிக்கத் தேய்வதுதானே தேய்மானம்? அப்படியானால் அம்மா எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் மிச்சமிருக்கும் முழங்காலில் கொஞ்சத்தைக் கரைத்துவிடும் அல்லவா? ஆகவே அடிகளைச் சேமிக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். சிக்கன விஷயத்தில் நமக்கு எப்போதும் உற்சாகம் உண்டு.

மறுநாளே வீட்டில் நமது ஆட்சி ஆரம்பமாயிற்று. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. துளசித் தொட்டி கீழே இறங்கியது. மேம்பாலம் கூடாது, கீரையை நாமே வாங்கி வருவோம். தரையில் உட்காரக் கூடாது, அரிவாள்மணைக்கு ஓய்வு. அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேஜை. அதில் தண்ணீர், மாத்திரை, மூக்குக் கண்ணாடி, டெலிபோன் எல்லாம் கைக்கெட்டும்படி வைக்கப்பட்டன. “அம்மா, உட்காருங்கோ. நான் எடுத்துத் தருகிறேன்” என்பது வீட்டின் மந்திரமாயிற்று. நமது மனைவியும் குழந்தைகளும் அதை நம்மைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த புரட்டாசியில் திருநீர்மலைப் பேச்சு எழுந்தபோது, “பெருமாள் வீட்டிலும் இருக்கிறார்” என்று ஒரு தத்துவத்தைச் சொல்லி முடித்துவிட்டோம். அம்மா பதில் சொல்லவில்லை. உபாத்தியாயருக்குப் பதில் சொல்லாத மாணவர்களை நாம் எப்போதும் பாடம் புரிந்துவிட்டவர்கள் என்றே எண்ணி வந்திருக்கிறோம்.

இவ்வளவு சேமிப்புக்குப் பிறகு வலி குறைந்ததா என்றால், இல்லை. முதல் வருஷத்தில் கூடத்தைச் சுற்றி நடந்தவர், இரண்டாவது வருஷத்தில் சுவரைப் பிடித்து நடந்தார். மூன்றாவது வருஷத்தில் நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் ஊன்றி, ஒரு தடவை முன்னும் பின்னும் ஆடி, “முருகா” என்று சொன்னால்தான் எழுந்திருக்க முடிந்தது. பெருமாள் பக்தையான அம்மா எழுந்திருப்பதற்கு மட்டும் முருகனை அழைப்பது ஏன் என்று வேடிக்கையாகக் கேட்டோம். “அவர்தானேடா சின்னப் பிள்ளை, ஓடி வருவார்” என்றார்.

சென்ற மார்கழியில் ஒரு நாள், அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த சமயம். வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்தோம். அம்மா பூத்தொடுக்க ஆசைப்பட்டு, குழந்தையின் குட்டை முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, டெலிபோன் மேஜைமேல். பகல் ஒரு மணியிலிருந்து நாம் வந்து கதவைத் திறந்த நாலரை மணி வரையில் அந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பூவெல்லாம் தொடுத்தாகி, மடியில் வாடிக் கிடந்தது. “ரொம்ப வலிக்கிறதா அம்மா?” என்று பதறிப்போய்த் தூக்கினோம். அவர் சொன்னதை நாம் மறக்கப் போவதில்லை.

“வலியெல்லாம் இல்லையடா. எழுந்திருக்கத்தான் வரவில்லை.”

வலி வேறு, வலிமை வேறு. இரண்டு சொல்லுக்கும் இடையே ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் மூன்று வருஷமாக ஒன்றையே பார்த்துக்கொண்டு மற்றதை நாம் மறந்து போயிருந்தோம்.

தை மாதத்தில் நமது அடுத்த வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாடு அரசாங்கம் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற ஏற்பாட்டின்படி, நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அப்படி அந்தப் பெரியவருக்குப் பயிற்சி கொடுக்க இயன்முறை வைத்தியம் படித்த ஓர் இளம் பெண் வருவாள். ஒரு நாள் நமது வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளை அம்மா அழைத்துக் காப்பி கொடுத்தார். பேச்சு முழங்காலுக்குத் திரும்பியது. அந்தப் பெண் எக்ஸ்ரே படத்தைக் கேட்கவில்லை. “பாட்டி, ரெண்டு கையையும் மார்பிலே கட்டிக்கிட்டு இந்த நாற்காலியிலிருந்து எழுந்து காட்டுங்க” என்றாள்.

அம்மா முயன்றார், முடியவில்லை. மறுபடியும் முயன்றார். நாம் வழக்கம்போல் ஓடிப்போய்க் கை கொடுத்தோம். “ஸார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள். பிறகு அம்மாவின் தொடையைக் கையால் அழுத்திப் பார்த்து, “முழங்கால் தேஞ்சிருக்கு, சரி. ஆனா அதைவிட இதுதான் கரைஞ்சு போயிருக்கு” என்றாள்.

அன்று முதல் நாம் மாணவரானோம். பட்டம் வாங்கிய காலத்திலிருந்து புஸ்தகம் படிக்கும் வழக்கம் விட்டுப் போகவில்லையாதலால், அந்தப் பெண் சொன்னதையும் அதன்பின் தேடிப் படித்துத் தெரிந்து கொண்டதையும் சேர்த்துச் சொல்லுகிறோம்.

தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள் சேர்ந்து ஒரே கூட்டமாக வேலை செய்கின்றன. ஒன்று இடுப்பெலும்பிலிருந்து வருகிறது; மூன்று தொடையெலும்பிலிருந்தே புறப்படுகின்றன. நான்கும் கீழே வந்து ஒரே நாணாகி, முழங்கால் சில்லைத் தம்முள் அடக்கிக்கொண்டு, கணைக்கால் எலும்பின் தலைப்பக்கத்தில் போய்ப் பிடித்துக் கொள்ளுகின்றன. கிணற்றுக் கயிற்றுக்கு ராட்டினம் எப்படியோ, இந்த நாணுக்கு முழங்கால் சில்லு அப்படி. மடங்கிய காலை நிமிர்த்துவது இந்தக் கூட்டத்தின் வேலை. நாற்காலியிலிருந்து எழுவதும் படி ஏறுவதும் இதன் பலத்தில்தான்.

இதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. நடக்கும்போது குதிகால் தரையில் பட்டவுடன் முழங்கால் இலேசாக மடங்குகிறது. அப்போது உடம்பின் பாரம் முழங்கால் மூட்டில் ‘தடால்’ என்று விழாதபடி தொடைத் தசை தாங்கி, மெள்ள இறக்கி வைக்கிறது. மூட்டை தூக்கும் கூலியாள் பலசாலியாக இருந்தால் மூட்டையைப் பூப்போல் இறக்குவான்; சோனியாக இருந்தால் தொப்பென்று போடுவான் அல்லவா? படி இறங்கும்போது இந்தத் தசை நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. அது மிகவும் சிரமமான வேலை. அம்மாவுக்கு முதன் முதலில் படி இறங்கும்போது வலித்தது ஏன் என்று இப்போது விளங்குகிறது.

மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பைப் பற்றியும் நாம் தப்பாகவே நினைத்திருந்தோம். அது செருப்பின் அடித்தோல் அல்ல, உயிருள்ள வஸ்து. ஆனால் அதற்கு ரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டில் ஊறும் திரவம்தான் அதற்கு ஆகாரம். பாரம் ஏறும்போது கடற்பஞ்சு போல் அழுந்தி, பாரம் இறங்கும்போது விரிந்து அந்த ஆகாரத்தை வாங்கிக் கொள்ளுகிறது. அசைவு நின்றால் ஆகாரமும் குறைகிறது. அம்மாவை நாற்காலியில் உட்கார்த்தி வைத்து நாம் சேமித்ததாக நினைத்தது இதைத்தான்!

இத்துடன் ஒரு விஷச் சக்கரமும் உண்டு. வலியும் வீக்கமும் உள்ள மூட்டு, தொடைத் தசைக்குப் போகும் நரம்பின் உத்தரவை மட்டுப்படுத்தி விடுகிறது. தசை முழுப் பலத்துடன் சுருங்குவதில்லை. நாளாவட்டத்தில் இளைத்துப் போகிறது. இளைத்த தசை பாரத்தைத் தாங்காததால் மூட்டு இன்னும் வலிக்கிறது. வலிக்கிறதே என்று உட்கார்ந்தால் தசை இன்னும் இளைக்கிறது. இப்படிச் சுற்றுகிற சக்கரத்துக்கு வெளியிலிருந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் நாமே.

தசை இளைப்பது வலியின் பலன் மட்டும்தானா? 1997-ல் அமெரிக்காவின் இந்தியானா மாகாணத்தில் வயோதிகர்களைப் பரிசோதித்து வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில் ஆச்சரியமான விஷயம் கண்டார்கள். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தும் வலியே இல்லாதவர்களிடத்திலும் தொடைத் தசை பலவீனமாக இருந்தது. அதாவது, பலவீனம் வலிக்குப் பின்னால்தான் வரவேண்டும் என்பதில்லை. அதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கலாம். எக்ஸ்ரே படத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1957 முதல் மூட்டுத் தேய்மானத்தை ஐந்து படிகளாக எக்ஸ்ரேயில் வகுத்துப் பார்க்கும் முறை இருந்து வருகிறது. ஆனால் படத்தில் மிகவும் கெட்டுப்போன மூட்டோடு சுகமாக நடப்பவர்களும், படத்தில் அதிகம் தெரியாமலே வலியால் துடிப்பவர்களும் இருக்கிறார்கள். படம் எலும்பைக் காட்டுமே தவிர, நடையைக் காட்டாது.

நமது சானடோரியத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த ஊர்ப் பகுதிக்கே பெயர் கொடுத்த அந்த ஆஸ்பத்திரியை டாக்டர் சௌரிமுத்து 1928-ஆம் ஆண்டில் காசநோயாளிகளுக்காக ஆரம்பித்தார். நல்ல மருந்துகள் இல்லாத அந்தக் காலத்தில் உலகமெங்கும் காசநோய்க்கு நல்ல காற்று, நல்ல ஆகாரம், நீண்ட ஓய்வு என்பவையே சிகிச்சை. ‘வியாதி என்றால் படுத்திரு’ என்ற எண்ணம் இந்த மண்ணில் ஊறிப்போனதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த எண்ணத்தை அசைத்ததும் நமது சென்னைதான். மருந்துகள் வந்த பிறகு, சென்னையில் காசநோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்த ஏழைகளுக்கு நல்ல சாப்பாடும் இல்லை, ஓய்வும் இல்லை. இருந்தும் ஏறக்குறைய அதே அளவில் அவர்கள் குணமடைந்தார்கள். 1959-ல் வெளிவந்த இந்த முடிவு உலக முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. நுரையீரல் வேறு, முழங்கால் வேறு என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் ஓய்வுதான் மருந்து என்று சோதித்துப் பாராமல் நம்பக் கூடாது என்ற பாடம், நமது வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இத்தனை காலமாக இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் பாடம் சொல்லுகிற நாம் அதைப் படிக்கவில்லை.

இனி அம்மாவின் பயிற்சிக்கு வருவோம். அந்தப் பெண் நான்கு காரியங்கள் சொல்லிக் கொடுத்தாள். முதலாவது, காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை அமுக்கியபடி ஐந்து எண்ணும் வரையில் தொடையை இறுக்குவது. இரண்டாவது, ஒரு காலை மடக்கிக்கொண்டு மற்றக் காலை நேராக ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்துவது. மூன்றாவது, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை முன்னால் நீட்டி நிறுத்துவது. நான்காவதுதான் பெரிய பரீட்சை: நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருவது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, காலையிலும் மாலையிலும்.

நான்காவதைப் பார்த்ததும் நமது பெண் குழந்தை, “பாட்டி தோப்புக்கரணம் போடறா!” என்று கைகொட்டினாள்.

“முழுத் தோப்புக்கரணம் வேண்டாம், பாட்டி. அவ்வளவு தூரம் மடக்கினா சில்லுக்குப் பாரம் ஜாஸ்தி. அரைத் தோப்புக்கரணம் போதும்” என்றாள் அந்தப் பெண்.

அம்மா நம்மைத் திரும்பிப் பார்த்தார். “எத்தனை பிள்ளைகளைத் தோப்புக்கரணம் போடச் சொல்லியிருப்பாய்! இப்போது உன் அம்மா போடுகிறேன், எண்ணு” என்றார்.

உண்மைதான். குழந்தைகளை உடம்பால் வருத்தித் தண்டிப்பதைத் தடுக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பு, புது உபாத்தியாயரான நாம் கணக்குத் தவறிய பையன்களுக்கு இருபது, முப்பது என்று வாரி வழங்கியதுண்டு. உட்கார்ந்து எழுவது பிள்ளையார் சந்நிதியில் பக்தியாகவும், வகுப்பறையில் அவமானமாகவும் இருந்து, கடைசியில் நமது கூடத்தில் மருந்தாக வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலம் ஒருவரும் பார்க்காத சமயத்தில் நாமும் கைகட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பார்த்தோம். எட்டாவது தடவைக்குத் தொடை நடுங்கியது. மறுநாள் முதல் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடப்பட்டது.

முப்பது விநாடியில் கையை ஊன்றாமல் எத்தனை தடவை எழுகிறோம் என்பது உலகமெங்கும் கையாளப்படும் ஒரு சோதனை. 65 முதல் 69 வயது வரையிலுள்ள ஸ்திரீகளுக்கு 11-க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே என்று அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு இலாகா கணக்கு வைத்திருக்கிறது. முதல் நாளன்று அம்மா வாங்கிய மார்க்கு பூஜ்யம். ஒரு மாதத்தில் தலையணைகள் இரண்டும் போயின. மூன்றாம் மாதம் ஆறு. ஆவணியில் ஒன்பது. இருபது வருஷமாகப் பரீட்சைத் தாள் திருத்தி வருகிறோம். எந்த மார்க்கையும் இவ்வளவு ஆவலுடன் எழுதிக் கொண்டதில்லை.

பயிற்சி இலேசாக இருந்தது என்று சொல்லமாட்டோம். முதல் இரண்டு வாரம் வலி கொஞ்சம் கூடவே செய்தது. “செய்யறப்போ இலேசா வலிக்கலாம், மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துடணும். வராவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்க, நிறுத்திடாதீங்க” என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். ஒரு நாள் அம்மாவின் முகச் சுளிப்பைக் காணப் பொறுக்காமல், “இன்றைக்குப் போதும் அம்மா” என்றோம். “நீ தள்ளி நில்” என்றார், அவள் சொன்ன அதே தோரணையில். வாழ்நாளில் தாயாருக்கு நாம் செய்த பணிவிடைகளுள் கடினமானது இந்தத் தள்ளி நிற்பதுதான்.

பயிற்சியைச் சர்வரோக நிவாரணி என்று நாம் விளம்பரம் செய்ய வரவில்லை. 1997-ல் அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 60 வயதுக்கு மேற்பட்ட 439 பேரை வைத்து 18 மாதம் நடத்திய சோதனையில், நடைப்பயிற்சி செய்தவர்களுக்கும் பாரந்தூக்கும் பயிற்சி செய்தவர்களுக்கும் வலியும் இயலாமையும் குறைந்தன. ஆனால் மிதமான அளவில்தான் குறைந்தன. 2021-ல் வெளியான மற்றொரு சோதனையில் 377 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மிகக் கடுமையான பாரப் பயிற்சியும், ஒரு பிரிவுக்கு இலேசான பயிற்சியும், மற்றொன்றுக்கு ஆரோக்கியப் பேச்சுகளும் கொடுத்தார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தால், வலியைப் பொறுத்தவரையில் கடும் பயிற்சிக்காரர்கள் மற்றவர்களைவிட மேலாக இல்லை. ஆகவே, பலம் கூடக்கூட வலி அதே கணக்கில் குறைந்துகொண்டே போகும் என்று எண்ணுவது பேராசை. முழங்காலும் பழையபடி புதிதாகிவிடாது. நாம் அறிந்த வரையில், பயிற்சி திருப்பிக் கொடுப்பது எழுந்திருக்கும் சக்தியை, நடக்கும் தைரியத்தை.

உடம்பின் எடையும் ஒரு விஷயம். 2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, பருத்த உடம்புள்ளவர்கள் ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் ஏறும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. நாற்காலியில் உட்கார்த்தி வைத்து, பக்கத்து மேஜையில் முறுக்கும் வைத்த நமது புத்தியை என்னவென்று சொல்வது? கால்கள் வில்லாக வளைந்தவர்கள், முழங்கால் சூடாக வீங்கியவர்கள், காய்ச்சலுடன் மூட்டு வலிப்பவர்கள், விழுந்து அடிபட்டவர்கள், மூட்டு திடீரென்று பூட்டிக் கொள்பவர்கள் ஆகியோர் வைத்தியரைக் காணாமல் எந்தப் பயிற்சியும் ஆரம்பிக்கக் கூடாது. மூட்டை மாற்றும் ரண சிகிச்சை அவசியமானவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். அதற்குப் பிறகு நடக்கவும் தொடையின் பலம் வேண்டும்.

‘அந்தக் காலத்தில் ஆட்டுக்கல்லும் அம்மியும் இருந்தன, முழங்கால் வலியே இல்லை’ என்று சிலர் பெருமூச்சு விடுவார்கள். நாமும் விட்டிருக்கிறோம். தரையில் உட்கார்ந்து எழுந்த வாழ்க்கையில் தொடைக்கு நாள்தோறும் வேலை இருந்தது மெய்தான். ஆனால் சீனாவின் பீகிங் நகரத்து வயோதிகர்களை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட கட்டுரையில், இளமையில் வெகுநேரம் குந்தியிருந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். மணிக்கணக்கில் குந்தியிருப்பது வேறு. உட்கார்ந்து எழுவது வேறு. நமது பாட்டிமார்களின் முழங்காலும் வலித்திருக்கும். அதைக் கேட்பதற்கு ஆள் இருந்திராது.

இந்த வருஷம் புரட்டாசி முதல் சனிக்கிழமை, நாம் எழுவதற்கு முன்பே அம்மா ஸ்நானம் செய்துவிட்டுக் கூடத்தில் நின்றிருந்தார். உட்கார்ந்திருக்கவில்லை, நின்றிருந்தார். “திருநீர்மலைக்குப் போகலாமா?” என்றார். பூட்டுப் போட்டுப் பழகிய நமது வாயில் ஏதோ தத்துவம் வரப் பார்த்தது. நல்ல வேளையாக விழுங்கிக் கொண்டோம்.

நீர்வண்ணரைச் சேவித்துவிட்டு மலையடிவாரத்துக்கு வந்தோம். அம்மா ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, பிறகு அடுத்த படிக்குப் போனார். நாம் இரண்டு படி கீழே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தோம். கட்டியிருந்த கை அடிக்கடி அவிழப் பார்த்தது. பாதிப் படிகள் ஏறியதும் அம்மா நின்றார். மேலே கோபுரத்தைப் பார்த்தார். கீழே பச்சை வயல்கள் இருந்த இடத்தில் இப்போது நெருங்கிக் கிடக்கும் மாடி வீடுகளைப் பார்த்தார். மேலே போவதா, வேண்டாமா? நமக்குச் சொல்லத் தெரியவில்லை, சொல்லவும் இல்லை.

“இன்றைக்கு இவ்வளவு போதும். இறங்குவதற்குத் தொடையில் மிச்சம் வேண்டாமா?” என்றார் அம்மா.

நின்ற இடத்திலிருந்தே ரங்கநாதரை நோக்கிக் கைகூப்பினார். நமது முகம் வாடியதைக் கவனித்திருக்க வேண்டும். படி இறங்க ஆரம்பித்தவர், திரும்பிப் பாராமலே சொன்னார்:

“ஆழ்வாரே ஆறு மாதம் காத்திருந்தாராமே. நமக்கு என்னடா அவசரம்? பங்குனிக்கு வரலாம். மொட்டை மாடிச் சாவியை எங்கே வைத்திருக்கிறாய்?”

இன்று சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. துளசித் தொட்டி மறுபடியும் மாடி ஏறிவிட்டது. தொட்டியைத் தூக்கிச் சென்றவர் நாம். ஜலம் விடுகிறவர் அவர்.